ஐந்து நட்சத்திரம் யாருக்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் காரும் சின்னக் குழந்தையும் இருப்பவர்களாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சியிலிருந்து கும்பகோணம் போனோம். மகன் புதுக் கார் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது. முன் சீட்டில் மருமகள், அவள் மடியில் ஒன்றரை வயதுப் பேரன். பின்னால் நானும் சம்பந்தி அம்மாவும். பெல்ட் போட்டிருந்தது மகன் ஒருவன்தான். குழந்தைக்கு இறுக்கும் என்று மருமகள் போடவில்லை. பின் சீட்டில் இருந்த எங்களுக்கு அந்த ஞாபகமே வரவில்லை.

"குழந்தையை மடியில வச்சுக்கிட்டு முன்னாடி உட்காரலாமாப்பா?" என்று கேட்டேன்.

"அம்மா, இது அஞ்சு ஸ்டார் வண்டி. சும்மா பயப்படாதீங்க" என்றான். சம்பந்தி அம்மாவும் சிரித்தார். கல்யாணத்துக்குப் போகும்போது வாக்குவாதம் எதற்கு என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஆனால் முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய கைக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது நல்ல மார்க் என்று சொன்னால், பரீட்சை எழுதியது யார் என்று பார்க்கத் தோன்றும். இந்த ஐந்து நட்சத்திரப் பரீட்சையை எழுதியது என் மகனும் இல்லை, மருமகளும் இல்லை. ஒரு பொம்மை. காரைச் சுவரில் மோதிக் காட்டும் வீடியோக்களில், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்தப் பொம்மை. அது நமக்காக எழுதிய பரீட்சை நமக்குச் செல்லுமா? அது எந்த அளவுக்கு நம்மைப் போன்றது? இதைத் தெரிந்துகொள்ள ஒரு மாதமாகப் படித்தேன். நான் பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, எட்டாம் வகுப்பு வரை அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். எனக்குப் புரிந்த அளவில், உங்களுக்குப் பாடம் நடத்திய மாதிரியே சொல்கிறேன்.

பொம்மை முதலில் காருக்காகப் பிறக்கவில்லை. ஆகாய விமானத்துக்காகப் பிறந்தது. போர் விமானம் பழுதானால் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கி எறியும் ஏற்பாடு வந்த காலம் அது. அதைச் சோதிக்க அமெரிக்க விமானப்படைக்காக 1949-இல் ஒரு பொம்மை செய்தார்கள். சியரா சாம் என்று பெயர். நூறு ஆண்களை உயரவாரியாக நிறுத்தினால் தொண்ணூற்றைந்தாவதாக நிற்கும் ஆள் அளவுக்குப் பெரிய உடம்பு.

சாமுக்கு உயரம், எடை, மடங்கும் மூட்டுகள் எல்லாம் மனிதனைப் போல் இருந்தன. பெல்ட் அறுந்துவிடுமா, இருக்கை உடைந்துவிடுமா என்று அது காட்டிவிடும். ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் விலா எலும்பு என்ன ஆகும், மூளை என்ன ஆகும் என்று அதனால் சொல்ல முடியாது. ஏனென்றால், மனித உடம்பு எவ்வளவு அடி தாங்கும் என்பதே அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது. அசல் தெரியாமல் நகல் எடுப்பது எப்படி?

அந்த அசலைத் தெரிந்துகொள்ளத் தன் உடம்பையே கொடுத்தவர் ஜான் பால் ஸ்டாப். விமானப்படை மருத்துவர். தண்டவாளத்தில் ராக்கெட் பொருத்திய ஒரு சறுக்கு வண்டியில் தன்னைக் கட்டிக்கொண்டு போய், சட்டென்று நிறுத்தச் செய்வார். இப்படி 29 தடவை. கடைசி ஓட்டம் 1954 டிசம்பர் 10-ஆம் தேதி, நியூ மெக்சிகோவில் உள்ள ஹாலோமன் விமானப்படைத் தளத்தில். மணிக்கு 1,017 கி.மீ. வேகத்தில் போன வண்டி 1.4 விநாடியில் நின்றது. அந்த நேரத்தில் அவர் உடம்பில் விழுந்த விசை, உச்சத்தில் புவியீர்ப்பைப் போல் 46 மடங்கு. 50 கிலோ எடையுள்ள ஒருவர் 2,300 கிலோ ஆகிவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணுக்குள் ரத்த நாளங்கள் வெடித்துப் பார்வை போய்விட்டது. நல்ல வேளையாகத் திரும்பி வந்தது. முந்தைய ஓட்டங்களில் விலா எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருந்தன. மனிதன் 18 மடங்குக்கு மேல் தாங்க மாட்டான் என்று அதுவரை நம்பியிருந்தார்கள். சரியாகக் கட்டி உட்கார வைத்தால் அதைவிட எவ்வளவோ அதிகம் தாங்குவான் என்று அவர் உட்கார்ந்து காட்டினார்.

இந்த மனிதர் இன்னொன்றையும் கவனித்தார். விமானப்படை ஆட்கள் விமான விபத்தில் சாவதைவிடக் கார் விபத்தில்தான் அதிகம் சாகிறார்கள் என்று. விமானத்துக்கு இவ்வளவு செய்கிறோம், காருக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டு, 1955-இல் கார் மோதல் பற்றி ஒரு மாநாட்டைத் தொடங்கினார். அவர் பெயரிலேயே அது பின்னால் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டவர் அற்பாயுசில் போயிருப்பார் என்று நினைப்பீர்கள். இல்லை, 89 வயது வரை இருந்துவிட்டு 1999-இல் காலமானார்.

ஆனால் உயிருள்ள ஆளை எலும்பு நொறுங்கும் வரை அடித்துப் பார்க்க முடியாது. அதற்குமேல் தெரிந்துகொள்ள வேண்டியதை இறந்தவர்களிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. படிக்கும்போது எனக்கு மனசு சங்கடப்பட்ட இடம் இது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்டில் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1939-இல் குர்ஜியான் என்ற மூளை அறுவை மருத்துவரும் லிஸ்னர் என்ற பொறியியல் பேராசிரியரும் சேர்ந்து தலைக்காயம் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். இறந்தவர்களின் மண்டையோட்டின் மேல் இரும்புக் குண்டுகளைப் போட்டு, எவ்வளவு அடிக்கு விரிசல் விடுகிறது என்று அளந்தார்கள். சடலங்களை லிஃப்ட் குழியில் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் விழச் செய்து அளந்தார்கள்.

அதிலிருந்து ஒரு முக்கியமான பாடம் கிடைத்தது. அடி எவ்வளவு பலமானது என்பது மட்டும் கணக்கில்லை. எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதும் கணக்கு. சூடான தோசைக்கல்லில் விரல் பட்டதும் எடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம். குறைந்த சூடாக இருந்தாலும் கையை வைத்தபடியே இருந்தால் கொப்பளித்துவிடும். மூளையும் அப்படித்தான். இன்றைக்குக் கார் சோதனையில் பொம்மையின் தலைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணுக்கு வேர் இந்த ஆராய்ச்சிதான்.

அதே பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் பாட்ரிக் என்ற பேராசிரியர் இருந்தார். ஸ்டாப்பைப் போலவே இவரும் சறுக்கு வண்டியில் சுமார் 400 தடவை போயிருக்கிறார். நெஞ்சில் உலோக ஊசல் குண்டால் அடி வாங்கியிருக்கிறார். உயிருள்ளவரால் எவ்வளவு தாங்க முடியும் என்பது ஒரு பக்கம், இறந்தவர் உடம்பில் எங்கே முறிகிறது என்பது மறுபக்கம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எல்லை தெரியும்.

இறந்தவர் உடம்பிலும் குறை உண்டு. பெரும்பாலும் வயதானவர்களின் உடல்கள்தான் கிடைக்கும். தசையில் இறுக்கம் இருக்காது. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஒரு தடவை முறிந்த எலும்பை மறுபடி சோதிக்கவும் முடியாது. சோதனை என்றால் எத்தனை முறை செய்தாலும் ஒரே விடை வர வேண்டும் என்று வகுப்பில் சொல்வேனே. அதற்காகத்தான் பொம்மை வேண்டியிருந்தது.

ஆக, பொம்மை என்பது அந்த உடல்களிடம் கற்ற பாடத்தை இரும்பிலும் ரப்பரிலும் எழுதி வைத்த குறிப்பேடு. அதே பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிங்கும் சக ஆய்வாளர்களும் 1995-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். உடல் தானங்களால் நடந்த ஆராய்ச்சியின் பலனாக அமெரிக்காவில் ஆண்டுக்கு சுமார் 8,500 உயிர்கள் காப்பாற்றப்படுகின்றன என்று அதில் சொல்லியிருந்தார்கள். பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார், இரண்டு நிறுவனங்களின் பொம்மைகளிலிருந்து நல்ல பாகங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்தார்கள். கலப்பினம் என்ற பொருளில் ஹைபிரிட் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த வருஷம் ஹைபிரிட் 2. பிறகு 1976-இல் ஹைபிரிட் 3. நாம் இன்று வீடியோவில் பார்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றாமவரைத்தான். ஏறக்குறைய ஐம்பது வயதாகியும் இன்னும் பணி ஓய்வு கிடைக்காத ஊழியர்!

அவர் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தலை, அலுமினிய ஓடு; மேலே வினைல் தோல். கழுத்து, ரப்பரும் அலுமினியமும் மாறி மாறி அடுக்கியது. நடுவில் ஒரு கம்பி வடம். நமக்கு 12 ஜோடி விலா எலும்பு. அவருக்கு ஆறு எஃகு வளையங்கள். அதிர்வை உறிஞ்சும் ஒரு பொருளை உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். அந்தப் பொருள் சூடு குளிருக்குத் தக்கபடி மாறும் என்பதால், பொம்மையை 21, 22 டிகிரி அறையில்தான் வைத்திருந்து சோதிக்க வேண்டும். நமக்கில்லாத ஏ.சி. வாழ்க்கை.

ஒவ்வொரு பொம்மைக்கும் அவ்வப்போது பரீட்சை உண்டு. தலையைக் கழற்றி 376 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் போடுவார்கள். உள்ளே இருக்கும் கருவி, 225-க்கும் 275-க்கும் இடைப்பட்ட மடங்கு விசையைக் காட்ட வேண்டும். கூடினாலும் தவறு, குறைந்தாலும் தவறு. நெஞ்சில் 23.4 கிலோ ஊசலால் விநாடிக்கு 6.7 மீட்டர் வேகத்தில் அடிப்பார்கள். நெஞ்சு எவ்வளவு அமுங்குகிறது, எவ்வளவு எதிர்க்கிறது என்று பார்ப்பார்கள். எவ்வளவு அமுங்க வேண்டும் என்ற விடை எங்கிருந்து வந்தது? இறந்தவர்களின் நெஞ்சில் அதே ஊசலால் அடித்துப் பார்த்த அளவுகளிலிருந்து. உயிருள்ளவரின் தசை இறுக்கத்துக்காக அதில் ஒரு திருத்தமும் சேர்த்தார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பொம்மை நம்மைப் போன்றதா?

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நம் உடம்பைப் போலவா இருக்கிறது? இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடும். பொம்மையும் அப்படித்தான். நேராக முன்பக்கம் மோதும்போது தலை எவ்வளவு உலுக்கப்பட்டது, நெஞ்சு எவ்வளவு அமுங்கியது, தொடை எலும்பில் எவ்வளவு அழுத்தம் வந்தது என்பதையெல்லாம் நம்பகமாகச் சொல்லும். அதற்குக் கல்லீரல் இல்லை, மண்ணீரல் இல்லை, ரத்தம் இல்லை. ஆபத்து வரும்போது காலை ஊன்றி, கையை இறுக்கும் பழக்கம் இல்லை. முதுகின் மேல்பகுதி விறைப்பான இரும்பு.

பக்கவாட்டில் மோதினால் இவர் சொல்லும் சாட்சி செல்லாது. அதற்கு வேறு பொம்மைகள் வந்தன. பின்னாலிருந்து மோதினால் கழுத்து சொடுக்குவதைப் பார்க்க, ஸ்வீடனில் 24 முள்ளெலும்புகளோடு தனியாக ஒரு பொம்மை செய்தார்கள். முன்பக்க மோதலுக்கும் தோர் என்ற புதிய பொம்மை வந்திருக்கிறது. முதுகும் நெஞ்சும் மனிதனுக்கு இன்னும் நெருக்கமாக வளைந்துகொடுக்கும். 2020-இலிருந்து ஐரோப்பியச் சோதனைகளில் அதுதான் உட்காருகிறது.

இதுவரை சொன்னது, பொம்மை ஒரு மனிதனை எவ்வளவு ஒத்திருக்கிறது என்பது. இன்னொரு கேள்வியைத்தான் பல வருஷம் யாரும் அழுத்திக் கேட்கவில்லை. எந்த மனிதனை?

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உயரவாரியாக நிறுத்துவோம் அல்லவா? அமெரிக்க ஆண்களை அப்படி நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவர்தான் ஹைபிரிட் 3. உயரம் 175 செ.மீ., எடை சுமார் 78 கிலோ. வரிசையின் முன்னால் நிற்கும் குள்ளமானவர்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோருக்கும் சேர்த்து இவர் ஒருவர்தான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்.

அதன் விளைவு 1990-களில் தெரிந்தது. அமெரிக்காவில் அப்போது பலர் பெல்ட் போடுவதில்லை. ஆகவே, பெல்ட் போடாத இந்த நடுத்தர ஆண் பொம்மையை மணிக்கு 48 கி.மீ. வேக மோதலில் ஏர்பேக் காப்பாற்ற வேண்டும் என்று விதி இருந்தது. 78 கிலோ ஆள் கட்டில்லாமல் பாய்ந்து வருவதைத் தடுக்க வேண்டுமென்றால், பை பெரிதாகவும் வேகமாகவும் விரிய வேண்டும். அப்படியே செய்தார்கள். பொம்மை பாஸ்.

ஆனால் ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்து ஓட்டிய குள்ளமான பெண்கள்? முன் சீட்டில் பெல்ட் இல்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்? பின்பக்கம் பார்த்த சிறு இருக்கையில் முன் சீட்டில் வைக்கப்பட்ட கைக்குழந்தைகள்? மணிக்கு 300 கி.மீ. வரை வேகத்தில் விரியும் பை அவர்கள் முகத்திலும் கழுத்திலும் அடித்தது. 1990 முதல் 2008 வரை, சாதாரணமாகப் பிழைத்திருக்கக்கூடிய குறைவேக மோதல்களில், ஏர்பேக் விரிந்ததால் மட்டும் 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது. பாதிக்கு மேல் குழந்தைகள். ஏர்பேக் காப்பாற்றியவர்கள் பல ஆயிரம் பேர் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குழந்தைகளுக்காகப் பரீட்சை எழுத அன்று யாரும் உட்கார்த்தி வைக்கப்படவில்லை.

பிறகுதான் விதி மாறியது. 1997-இல் பையின் வேகத்தைக் குறைக்க அனுமதித்தார்கள். 2000-இல் வந்த புதிய விதி, ஒரு வயது, மூன்று வயது, ஆறு வயதுக் குழந்தைப் பொம்மைகளையும் ஒரு சிறிய பெண் பொம்மையையும் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றது.

அந்தப் பெண் பொம்மையின் அளவைப் படித்ததும் சிரித்துவிட்டேன். உயரம் சுமார் 150 செ.மீ., எடை 49 கிலோ. என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், கரும்பலகையின் மேல் பாதி எட்டாமல் ஸ்டூல் போட்டு ஏறி எழுதிய டீச்சர் நான். அச்சு அசல் என் அளவு! எடை மட்டும் இப்போது ஒத்துப்போகாது.

ஆனால் அவளும் முழுக்கப் பெண் இல்லை. ஆண் பொம்மையின் அளவுகளைச் சுருக்கிச் செய்தவள். இடுப்பெலும்பின் அமைப்பு, கழுத்தின் பலம், உட்காரும் விதம் எல்லாம் பெண்களுக்கு வேறு. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 1998 முதல் 2008 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து, 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி விபத்தில், இருவரும் பெல்ட் போட்டிருந்தாலும், பெண் ஓட்டுநருக்குப் பலத்த காயம் ஏற்படும் வாய்ப்பு ஆணைவிட 47 சதவீதம் அதிகம் என்றது அது. புதிய கார்களில் இந்த வித்தியாசம் குறைந்து வருகிறது என்று பிந்தைய ஆய்வுகள் சொல்வது ஆறுதல். ஸ்வீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டர் என்ற பெண் ஆய்வாளர் தலைமையில், சராசரிப் பெண்ணின் அளவில், 162 செ.மீ. உயரமும் 62 கிலோ எடையுமாக ஒரு பொம்மையைச் செய்து 2022-இல் காட்டினார்கள். சியரா சாம் பிறந்து 73 வருஷம் கழித்து.

சரி, இனி என் மகனின் ஐந்து நட்சத்திரம்.

நம் நாட்டின் பாரத் என்கேப் மதிப்பீடு 2023 அக்டோபரில் தொடங்கியது. நம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலேயே மோதல் சோதனைக் கூடம் இருக்கிறது. இந்த மதிப்பீட்டில் முன்பக்க மோதல் மணிக்கு 64 கி.மீ. வேகத்தில். முன் சீட் இரண்டிலும் அந்த 175 செ.மீ. ஆண் பொம்மைகள். இரண்டுக்கும் பெல்ட் போட்டிருக்கும். பின் சீட்டில் ஒன்றரை வயது, மூன்று வயதுக் குழந்தைப் பொம்மைகள். இரண்டும் குழந்தைகளுக்கான தனி இருக்கையில் கட்டி உட்கார வைக்கப்பட்டிருக்கும்.

கவனித்தீர்களா? ஒன்றரை வயது. என் பேரன் வயதுப் பொம்மை ஒன்று நட்சத்திரம் வாங்கியிருக்கிறது, உண்மைதான். ஆனால் அது பின் சீட்டில், தன் இருக்கையில், கட்டப்பட்டு உட்கார்ந்து வாங்கியது. அம்மா மடியில், முன் சீட்டில், ஏர்பேக்குக்கு எதிரே உட்கார்ந்து பரீட்சை எழுதிய பொம்மை எதுவும் இல்லை.

ஒரு கணக்கு போடுவோம். மணிக்கு 50 கி.மீ. என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். மோதலில் இது பத்தில் ஒரு விநாடியில் பூஜ்யம் ஆனால், விசை புவியீர்ப்பைப் போல் 14 மடங்கு. பேரன் எடை 10 கிலோ. அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் மருமகள் கையில் 140 கிலோ. எந்தத் தாயாலும் பிடிக்க முடியாது. பாசம் குறைவு என்று அர்த்தமில்லை, கை அவ்வளவுதான் தாங்கும். அவளும் பெல்ட் போடாவிட்டால், அவள் எடையும் சேர்ந்து குழந்தையை முன்னால் வைத்து நசுக்கும். பின்னால் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்த நானும் சம்பந்தி அம்மாவும் முன் சீட்டில் இருப்பவர்கள் மேல் போய் மோதியிருப்போம்.

ஆகவே என் பிள்ளைகளே, நான் கேட்பது நான்கே விஷயம்.

குழந்தையைப் பின் சீட்டில், அதன் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற தனி இருக்கையில் கட்டுங்கள். பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பெல்ட்டோ தனி இருக்கையோ கட்டாயம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

என்னைப் போல் குள்ளமாக இருந்து கார் ஓட்டும் பெண்கள், நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் இடையே 25 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு சாண் போதாது, அதற்கும் சற்று அதிகம்.

கர்ப்பிணிப் பெண்களும் பெல்ட் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் ஏறாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படிய வேண்டும்.

பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். கும்பகோணத்திலிருந்து திரும்பும்போது தேடினேன். எங்கள் புதுக் காரில் பின் சீட் பெல்ட்டின் கொக்கி, சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. உங்கள் காரிலும் அப்படித்தான் இருக்கும். இன்றைக்கே வெளியே எடுத்துப் போடுங்கள்.

இந்தப் பதிவை முதலில் மகனுக்குத்தான் அனுப்பினேன். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு மருமகளிடமிருந்து வந்தது: "அத்தை, நானும் படிச்சேன். சனிக்கிழமை சீட் வாங்கப் போறோம். குட்டி அதுல உட்காரமாட்டான்னு நினைக்கிறேன், அழுவான்."

அழட்டும். ஒன்றாம் வகுப்பில் முதல் நாள் அழாத பிள்ளை எது? நாலு நாளில் பழகிவிடும் என்று பதில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்